டிரம் என்றால் எந்த டிரம்?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற வேலை அந்தப் பெண்ணுக்கு. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மெஷின்காரப் பெண்களிடம் "டிரம் செட்டுல சேந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். "எந்த ஷாப்பு? பொம்பளைங்கள எப்ப இருந்து டிரம்முல விடறாங்க?" என்று கேட்டார்களாம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் தோல் பதனிடும் இடத்துக்கு 'ஷாப்பு' என்று பெயர். டிரம் என்றால் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் மரப் பீப்பாய். தோலையும் தண்ணீரையும் ரசாயனத்தையும் உள்ளே போட்டு மணிக்கணக்கில் சுற்ற விடுவார்கள். "நான் சொன்னது தப்பட்டைன்னு புரிஞ்சதும் ரெண்டு பேர் சிரிச்சாங்க. ஒருத்தங்க மட்டும் தட்ட எடுத்துகினு வேற பக்கம் போய்ட்டாங்க" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

அவர் சேர்ந்த செட்டு இருப்பது குடியாத்தத்தில். அங்கே ஸ்டேஷனில் இறங்கினால் ஊர் இருக்காது. ஷேர் ஆட்டோ பிடித்துப் போக வேண்டும். நான் முதலில் போனது மார்கழியில், ஒரு ஞாயிறு மாலை. லுங்கித் தறிச் சத்தம் ஓய்ந்திருந்தது. கவுண்டன்ய ஆற்று மணலில் ஏழெட்டுப் பேர் வைக்கோலையும் கிழிந்த அட்டைப் பெட்டியையும் கொளுத்தி, பறைகளைத் தீயைப் பார்த்து வட்டமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். பனி இறங்கினால் தோல் தொய்யும், சூடு காட்டினால் ஈரம் போய் இறுகும். புத்தகத்தில் இது ஒரு வரி. கிட்டத்தில் உட்கார்ந்தால்தான் அது எத்தனை நேரம் பிடிக்கிற வேலை என்று தெரிகிறது. செட்டில் மூத்தவர் ஒவ்வொரு பறையாகத் தூக்குவார், தோலின் முதுகில் புறங்கையை வைத்துப் பார்ப்பார், நடுவில் ஒரு விரலால் சுண்டுவார், மறுபடி தீயின் பக்கம் திருப்பி வைப்பார். ஆறு பறையும் ஒரே சத்தத்துக்கு வரும்வரை யாரும் குச்சியைத் தொடக் கூடாது. சீக்கிரம் காய்ந்த பறை மெதுவாகக் காய்கிற பறைக்காகத் தள்ளிப்போய்க் காத்திருக்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். போட்டோ எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று, தயாராகிவிட்ட ஒரு பறையை எடுத்து மணலில் கவிழ்த்து வைத்தேன். மேலே காய்ந்த மாதிரி தெரிந்த மணல் உள்ளே ஈரம். பத்து நிமிடம் கழித்து அதைச் சுண்டியபோது பரணில் கிடந்த முறத்தைத் தட்டினது போல ஒரு சத்தம். பெரியவர் திட்டவில்லை. "சார், நீங்க அந்தக் கல்லு மேல உக்காருங்க" என்றார், அவ்வளவுதான். என்னால் அன்றைக்கு ஒத்திகை அரை மணி நேரம் தள்ளிப்போனது.

அவரும் பறைக்காரராக வாழ்ந்தவர் அல்ல. அவருடைய அப்பா அடித்தவர். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் நடுராத்திரியிலும் ஆள் வரும், மாட்டேன் என்று சொல்ல முடியாது. கூலியாகக் கொஞ்சம் நெல்லும் ஒரு பாட்டிலும் கிடைக்கும். பதினேழு வயதில் இவர் குச்சியைப் போட்டுவிட்டுப் பேரணாம்பட்டில் ஒரு ஷாப்புக்குப் போனார். "அங்க நாத்தம் இருந்துச்சு. ஆனா சனிக்கெழமன்னா கூலி கையில இருந்துச்சு" என்றார். முதலில் சுண்ணாம்புக் குழி, பிறகு ரோமம் எடுப்பது, ஜவ்வு வழிப்பது, கடைசியில் டிரம். பாலாற்று வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், கழிவுநீரைச் சுத்திகரிக்காத ஷாப்புகளை மூடச் சொன்ன பிறகு அவர் வேலை பார்த்த இடமும் மூடியது. இன்னொரு இடம், அப்புறம் இன்னொன்று. இப்படி வாழ்நாள் பூராவும் தோல், ஆனால் சத்தம் இல்லாத தோல்.

தோல் ஊரில் பறைக்குத் தோல் கிடைப்பதில் என்ன சிரமம் என்று கேட்டேன். ஷாப்புத் தோல் பறைக்கு ஆகாதாம். "அது செத்த தோல் சார். எவ்ளோ அடிச்சாலும் தொப்பு தொப்புன்னுதான் கேக்கும்." அவர் சொன்னதை யோசித்துப் பார்த்தால் சரியாகவே இருக்கிறது. குரோம் போட்டுப் பதப்படுத்திய தோல், நீலம் பாரித்து 'வெட் ப்ளூ' என்று வெளியே வருகிறதே, அது கொதிநீரில் போட்டாலும் சுருங்காது. காய்ந்தாலும் விறைக்காது. ஷூவுக்கு அதுதான் பெருமை. பறைக்குப் பிழைப்பே காய்ந்து விறைப்பதிலும் நெருப்பைக் கண்டு இறுகுவதிலும்தான். ஆகவே பதனிடாத பச்சைத் தோல், அதிலும் கன்றுத் தோல் வேண்டும். சுண்ணாம்பில் ஊறவைத்து ரோமம் எடுத்து, ஜவ்வு நீக்கி, அதோடு நிறுத்திவிட வேண்டும். ஷாப்பு வேலையின் முதல் பாதி பறைக்கு உதவும், மறுபாதி அதைக் கொன்றுவிடும். அவருக்கு முதல் பாதி கைவந்த கலை.

செட்டு சேர்ந்ததற்குக் காரணமும் அந்தக் கைதான். இசை ஆர்வம், பண்பாட்டு மீட்பு என்று ஏதாவது சொல்வார்கள் என எதிர்பார்த்துப் போயிருந்தேன். நடந்தது 2021 நவம்பர் வெள்ளம். மோர்தானா அணை நிரம்பி ஆறு கரையை மீறியபோது இவர் வீட்டிலும் தண்ணீர். சாமான்களைத் தெருவில் காயப் போட்டதில் அப்பாவின் பறைச் சட்டம் ஒன்று கிடந்தது, தோல் கிழிந்து, வேம்பு மட்டும் பழுது இல்லாமல். அடுத்த தெருவில் பம்பை வாசிக்கிறவர் வீட்டிலும் தண்ணீர் புகுந்து பம்பைத் தோல் போய்விட்டது. பம்பை என்பது ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரட்டைக் கருவி, ஒன்று பித்தளை, ஒன்று மரம். அம்மனை அழைக்க வட மாவட்டங்களில் அது இல்லாமல் முடியாது. 'தோல் தெரிஞ்ச ஆளு' என்று யாரோ சொல்ல, அவர் இவரிடம் வந்தார். சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று இவர் அப்பாவின் சட்டத்துக்கும் தோல் போட்டார். தம்பி மகள், அதாவது ஆம்பூருக்குப் போகும் அந்தப் பெண், சென்னையில் ஒரு பயிற்சி முகாமில் பறை கற்றுக்கொண்டு வீட்டில் தட்டிப் பார்க்கக் கருவி இல்லாமல் இருந்தார். "பெரியப்பா, அத எனக்குக் குடு" என்று வந்து நின்றார். நான்காவதாக வந்தவர் நெசவாளி. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் புலி வேஷம் கட்டுகிறவர், வெளியூர் மேளத்துக்குத் தாம்பூலம் கொடுத்துக் கொடுத்துச் சலித்தவர். சுருக்கமாகச் சொன்னால், செட்டு பிறந்தது ஒரு ரிப்பேர் வேலையில்.

பிறந்ததுமே சண்டையும் வந்தது. சாவுக்கு அடிப்பதா, கூடாதா? மணிமாறனின் புத்தர் கலைக்குழு போன்றவை பறையைச் சாவு வீட்டு ஊழியத்திலிருந்து பிரித்து மேடைக்கும் வகுப்பறைக்கும் கொண்டுவந்தவை. திண்டுக்கல்லில் சிஸ்டர் சந்திராவின் சக்தி கலைக்குழு 1990-களிலேயே இளம்பெண்கள் தோளில் பறையை மாட்டியது. மகள் படித்து வந்த பாடம் இந்த வழியில் வந்தது, ஆகவே கூடாது என்றார். பம்பைக்காரருக்கு அது வருமானக் கணக்கு. பெரியவர் மூன்று வாரம் வாயே திறக்கவில்லையாம். பிறகு அவர் வைத்த ஏற்பாடு இது: காலனியில் நம் ஆள் செத்தால் கூப்பிடாமலே போய் அடிப்போம், ஒரு பைசா வாங்க மாட்டோம். ஆள் அனுப்பிக் கூப்பிட்டால், எவ்வளவு கொடுத்தாலும் போக மாட்டோம். இந்த விஷயத்தைப் பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் பிரித்துச் சொல்லிக் கேட்டதில்லை.

நெசவாளியின் மகன் வேலூரில் கல்லூரி படிக்கிறான். தீ மூட்டிக் காத்திருந்த நேரத்தில் அவன் போனில் ஒரு வீடியோ காட்டினான். அயர்லாந்து, மது விடுதி, வட்டமாக உட்கார்ந்து ஃபிடிலும் குழலும் வாசிக்கிறார்கள். நடுவில் ஒருவர் மடியில் ஒரு வட்டப் பறை. அதற்குப் பௌரான் என்று பெயர், ஆட்டுத் தோல். ஒரே ஒரு சிறு குச்சியால் இரண்டு முனையாலும் அடிக்கிறார், இடக்கை தோலின் பின்னால் நகர்ந்து நகர்ந்து அழுத்துகிறது. பெரியவர் போனைக் கிட்டத்தில் வாங்கிப் பார்த்தார். "இன்னா இது, நம்ம உடுக்க மாதிரி அழுத்திப் புடிச்சி சொரத்த மாத்றான்" என்றார். பம்பைக்காரர் தலையாட்டினார். இருவரும் அந்த வீடியோவை மூன்று தடவை ஓட்டச் சொன்னார்கள். "ஆட்டுத் தோலா? அது ரொம்பச் சூடு தாங்காதே" என்பது மட்டும்தான் பெரியவரின் கவலை.

பௌரானும் ஒரு காலத்தில் மேடை ஏறாத கருவிதான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ரென் குருவியின் பெயரால் முகமூடி கட்டி வீடு வீடாகப் போகிற கூட்டத்தின் கையில் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஷான் ஓ ரியாடா என்ற இசையமைப்பாளர் நாட்டுப்புற வாத்தியக்காரர்களைக் கூட்டி ஒரு குழு அமைத்தபோது அதை அரங்கில் கொண்டுவந்து வைத்தார். அந்தக் குழுவில் இருந்த பேடி மொலோனி 1962-ல் தொடங்கிய சீஃப்டன்ஸ் அதை உலகம் சுற்ற வைத்தது. இங்கே காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு 2018 ஜனவரியில் சென்னையில் கானாவையும் ராப்பையும் பறையையும் ஒரே மேடையில் ஏற்றியபோது கிட்டத்தட்ட அதே காரியம்தான் நடந்தது. அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ வந்ததும் அந்தப் பாதையில்தான். ஆனால் ஒப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பௌரான் வாசித்தவன் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று அயர்லாந்தில் யாரும் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனதாக நான் படித்ததில்லை. அந்தக் கருவி ஏற வேண்டியிருந்தது ஒரு மேடை, அவ்வளவே.

இரண்டாவது முறை போனது வைகாசி முதல் தேதி, சிரசு அன்று. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் சிரசு புறப்பட்டு, கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்கு வந்து, அங்கே சண்டாளச்சியின் உடலில் பொருத்தப்படும். பரசுராமன் வெட்டிய தாயின் தலை வேறொருத்தியின் உடலோடு சேர்ந்த கதை. மேல் ஒருத்தி, கீழ் ஒருத்தி, கும்பிடுகிறவர்களுக்கோ அம்மன் ஒருத்திதான். ஊர் வருஷா வருஷம் இதைக் கூடிநின்று பார்க்கிறது. பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் என்ன யோசிக்கிறது என்று கேட்க எனக்கு ஆசை உண்டு, யாரிடமும் கேட்கவில்லை.

அக்னி நட்சத்திரம், வைக்கோல் தேவையே இல்லை. பறைகளை வெயிலில் காட்டினால் போதும். நெசவாளியின் மகன் காட்டிவிட்டு மறந்துவிட்டான். சந்து முனையில் புலி இறங்கிப் பம்பை முழங்கி, மகள் சிண்டுக்குச்சியை விளிம்போடு படுக்க வைத்து, அடிக்குச்சியால் முதல் அடி போட்டதும் தோல் ஓரத்திலிருந்து நடுவரைக்கும் கிழிந்துவிட்டது. அது வேம்புச் சட்டம், தாத்தாவுடையது. ஒரு கணம் பெரியப்பாவைப் பார்த்தார். அவர் தன் பறையைக் கழற்றி மகளின் தோளில் மாட்டிவிட்டு, பையன் வைத்திருந்த ஃபைபர் பறையை வாங்கிக்கொண்டார். மழைக்கும் பனிக்கும் அசையாத, தீ கேட்காத பிளாஸ்டிக் முகம். மார்கழியில் அதை 'பக்கெட்டு' என்று கேலி செய்தவர் சாயங்காலம் வரை அதையே அடித்தார். நன்றாகத்தான் அடித்தார், முகம் மட்டும் பல்வலிக்காரன் முகமாக இருந்தது.

அடுத்த ஞாயிறும் போனேன், அழைக்காமலே. வாசலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் கன்றுத் தோல் ஊறிக்கொண்டிருந்தது. மகள் புளியங்கொட்டையை வறுத்து ஊறவைத்து அரைத்த மாவைக் கிளறிக்கொண்டிருந்தார். அடி பிடிக்காமல் கிளற வேண்டும், கட்டி விழுந்தால் அந்த இடத்தில் தோல் ஒட்டாது. பெரியவர் தோலைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கட்டைவிரலால் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தடவிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நின்றார். "இங்க உண்ணி கடிச்சிருக்குது. இத வெளிம்புக்குத் தள்ளிடு மா" என்றார். எனக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. விரலை வாங்கி வைத்துக் காட்டினார், அப்போதும் தெரியவில்லை.

சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். பசை தடவிய விளிம்பில் ஈரத் தோலை விரித்து, இருவரும் எதிரெதிரே நின்று இழுத்தார்கள். இழுவை சமமாக இருக்க, அவர் வாயால் ஓரடி சொன்னார், மகள் அதே அடிக்கு இழுத்தார். கயிறு சுற்றி முடிச்சுப் போட்டு நிழலில் சாய்த்து வைத்தார்கள். மூன்று நாள் ஆகுமாம். மகளுக்கு மறுநாள் காலை கம்பெனி பஸ், பார்க்க இருக்க மாட்டார். "காஞ்சதும் அடிச்சி போன்ல கேக்க வைக்கிறேன்" என்று பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கையைக் கழுவிக்கொண்டுதான் கிளம்பினேன். காட்பாடியில் டீ டம்ளரைப் பிடித்தபோது விரல்கள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டின.