கடல்மல்லையும் கலங்கரை விளக்கமும்

செங்கற்பட்டிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் பெருவழி, வேதகிரி மலை விளங்கும் திருக்கழுக்குன்றத்தைக் கடந்து கடற்கரையை அடையும் இடத்தில் மாமல்லபுரம் என்னும் தொன்மையான ஊர் உள்ளது. அலை வந்து மோதும் கரையில் ஒரு கற்கோயில். அதற்குச் சற்று மேற்கே பாறைக் குன்று. குன்றின்மேல் ஒரு கலங்கரை விளக்கம். இம் மூன்றையும் ஒருங்கே காண்பவர், கடலுக்கும் மனிதனுக்கும் இடையே நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் உறவையும் பகையையும் கண்முன்னே கண்டவராவர்.

கலங்கரை விளக்கம் என்னும் பெயரின் அழகு எண்ணி மகிழத்தக்கது. கலம் என்பது மரக்கலம். கரைதல் என்பது அழைத்தல். காக்கை தன் இனத்தைக் கரைந்து அழைப்பதுபோல, இருளில் திசை தடுமாறும் கலங்களைக் கரைந்து அழைக்கும் விளக்கே கலங்கரை விளக்கம். தொண்டை நாட்டை ஆண்ட இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இத்தகைய விளக்கம் ஒன்றைக் காட்டுகிறார். ஏணி சாத்தி ஏறுவதற்கும் அரிய உயர்ந்த மாடத்தில் இரவிலே எரியும் தீ, கடலில் ஓடும் கலங்களைத் துறைக்கு அழைத்ததாம். அத்துறை நீர்ப்பெயற்று என்னும் ஊரைச் சார்ந்தது. மேலைத் திசைக் குதிரைகளும் வடதிசைப் பொருள்களும் அங்கே வந்து இறங்கின. நீர்ப்பெயற்று இன்றைய மாமல்லபுரமே என்பார் சிலர். பாலாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய ஊர் என்பார் வேறு சிலர். எவ்வாறாயினும் அது தொண்டை நாட்டுக் கடற்கரையைச் சார்ந்தது என்பது தெளிவு.

பல்லவர் காலத்தில் இவ்வூரின் புகழ் ஓங்கியது. மாமல்லன் என்னும் சிறப்புப் பெயர் பூண்ட முதலாம் நரசிம்மவர்மன் ஏழாம் நூற்றாண்டில் ஆண்டவன். வாதாபியை வென்ற அவ்வேந்தனிடம் இலங்கை இளவரசன் மானவர்மன் அடைக்கலம் புகுந்திருந்தான். அவனுக்கு அரியணை பெற்றுத் தருவதற்காக நரசிம்மவர்மன் இருமுறை கடல் கடந்து படை அனுப்பினான் என்று இலங்கையின் வரலாற்று நூல் கூறுகிறது. முதல் முயற்சி பயன்படவில்லை. இரண்டாம் முயற்சி வென்றது. பொருள் தேடி மட்டுமன்று, நண்பனுக்குச் சொன்ன சொல்லைக் காக்கவும் பல்லவர் கலம் கடலில் ஓடியது. அவன் வழிவந்த இராசசிம்மன் கடற்கரைக் கோயிலை எழுப்பினான். அங்கே சிவபெருமானுக்கு இரு கோயில்களும், அவற்றின் இடையே பள்ளிகொண்ட திருமாலும் உண்டு. திருமங்கையாழ்வார் இவ்வூரைக் கடல்மல்லை என்று போற்றி, செல்வச் சுமையால் தாழ்ந்து அசையும் கலங்களைத் தம் பாசுரத்தில் நிறுத்தினார்.

காலம் மாறியது, துறை ஒடுங்கியது, எனினும் கோயிற் சிகரங்கள் மாலுமிகளுக்கு அடையாளமாகவே நின்றன. ஐரோப்பிய மாலுமிகள் இவ்வூரை ‘ஏழு கோயில்’ என்று தம் மொழியில் வழங்கினர். ஏழு கோயில்களுள் ஆறு கடலில் மூழ்கின, ஒன்றே எஞ்சியது என்னும் கதையும் பரவியது. 1772-லும் 1776-லும் இவ்வூருக்கு வந்த வில்லியம் சேம்பர்சு என்னும் ஆங்கிலேயர், முதியோர் வாய்மொழியாகக் கேட்ட செய்திகளை எழுதினார். அது 1788-இல் வெளியாயிற்று. அதைப் படித்த சௌத்தி என்னும் ஆங்கிலக் கவிஞர், 1810-இல் வெளியிட்ட தம் காப்பியத்தில் கடலடியில் உறங்கும் இந்நகரைப் பாடினார். மல்லையைக் கண்ணால் காணாத புலவரின் உள்ளத்திலும் மல்லை இடம்பெற்றது.

மேலைநாட்டிலும் இதற்கு ஒப்பாகச் சொல்லத்தக்க நகரம் ஒன்று உண்டு. அது போர்த்துகல் நாட்டின் தலைநகரான லிஸ்பன். 1497-இல் வாஸ்கோ ட காமா அங்கிருந்து புறப்பட்டே மறு ஆண்டில் கோழிக்கோட்டை அடைந்தான். அப்பயணத்தைக் கமோயென்சு என்னும் கவிஞர் பாடிய காப்பியம் 1572-இல் வெளிவந்தது. கடலால் வாழ்ந்த அந்நகரம் 1755-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கடலாலேயே கலங்கியது. திருநாள் காலை, மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்தனர். நிலம் நடுங்கியது; கட்டடங்கள் சரிந்தன. உயிர் தப்பியவர் திறந்தவெளி என்று நம்பி ஆற்றுத் துறைக்கு ஓடினர். அங்கே நீர் பின்வாங்கித் தரை தெரிந்தது. வியந்து நின்றவர்மேல் பேரலை பாய்ந்தது. எஞ்சிய நகரைத் தீ உண்டது. இத்துயரைக் கேட்டு வால்டேர் என்னும் பிரெஞ்சு அறிஞர் உள்ளம் நொந்து கவிதை இயற்றினார்.

கதை அங்கேயும் இங்கேயும் ஒன்றாகவே அமைந்தது என்பதே நெஞ்சை உறுத்தும் உண்மை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலை ஆறரை மணியளவில் சுமத்திராத் தீவின் அருகே கடலடி நிலம் பெயர்ந்தது. ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கும்போது மணி ஏறத்தாழ ஒன்பது. மல்லைக் கரையில் கடல் முதலில் நெடுந்தொலைவு பின்வாங்கியது. நீரடியில் கிடந்த கல்வரிசைகளைக் கண்டதாகப் பலர் கூறினர். கடல் விலகக் கண்டவர் அஞ்சி ஓட வேண்டிய நேரம் அது. அறியாத மக்களுக்கோ அது வேடிக்கை பார்க்கும் நேரமாயிற்று. அன்று தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். மீன் பிடித்து வாழ்ந்த பரதவர் குடிகளே பெரிதும் அழிந்தன. அலை புறப்பட்டதற்கும் கரை சேர்ந்ததற்கும் இடையே இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருந்தது. கலங்களைக் கரைந்து அழைக்க விளக்கு வைத்த கடற்கரையில், கரைவாழ் மக்களைக் கூவி எச்சரிக்க ஒரு குரல் இல்லாமற்போயிற்று!

கடல் கொண்டதோடு நில்லாமல் சிலவற்றைக் கொடுத்தும் சென்றது. அலை மணலை அரித்தபின், மறைந்திருந்த சிற்பங்கள் கரையில் வெளிப்பட்டன. வடக்கே சாளுவன்குப்பத்தில் பாறையொன்றின் கல்வெட்டு வெளிப்பட்டு, அங்கே முருகன் கோயில் ஒன்று இருந்ததை அறிவித்தது. தொல்பொருள் ஆய்வாளர் 2005-இல் அகழ்ந்தபோது பல்லவர் காலக் கருங்கற் பகுதியும், அதன் கீழே அதனினும் பழைய செங்கற் கோயிலும் காணப்பட்டன. அவை கடற்பெருக்கால் அழிந்தன என்பது ஆய்வாளர் கருத்து. அதற்கு முன்பே 2002-இல் கடலில் மூழ்கி ஆராய்ந்தோர் நீருக்கடியில் கட்டடச் சிதைவுகளைக் கண்டிருந்தனர். ஆறு கோயில் மூழ்கிய கதை முற்றும் மெய் என்று துணிவதற்கு இவை போதா. ஆயினும் கடல் இக்கரையைப் பன்முறை தாக்கியது என்னும் பழைய நினைவு பொய்யன்று என்பதற்கு இவை சான்றாகும்.

நினைவு கதையாகும்போது இனிக்கிறது; அறிவாகும்போதுதான் உயிரைக் காக்கிறது. லிஸ்பன் அழிந்தபின், பிற்காலத்தில் பொம்பால் எனப் பெயர் பெற்ற அமைச்சர் ஊர்தோறும் வினாக்களை அனுப்பினார். நிலம் எவ்வளவு நேரம் அதிர்ந்தது? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? இவ்வாறு கேட்டுத் தொகுத்த விடைகள் நிலநடுக்க ஆராய்ச்சிக்கு வித்தாயின. நம் நாட்டிலும் 2004-இன் துயருக்குப் பின், ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் 2007-இல் நிறுவப்பெற்றது. கடலடி நில அதிர்ச்சியைச் சில நிமிடங்களிலேயே அறிந்து அறிவிப்பது அதன் பணி.

மல்லைக் குன்றின் மேலுள்ள பழைய ஒலக்கண்ணேசுவரர் கோயில் ஒருகாலத்தில் விளக்கேற்றும் இடமாகப் பயன்பட்டது. அதன் அருகிலேயே இன்றைய கலங்கரை விளக்கம் நிற்கிறது. அது கலங்களுக்கு வழி காட்டும். ஐதராபாத்து நிலையம் கரைவாழ் மக்களுக்கு எச்சரிக்கை அனுப்பும். ஆயினும் எச்சரிக்கை வரும் முன்னரே கடல் பின்வாங்கக் காணும் சிறுவன் ஒருவன், அதன் பொருளை உணர்ந்து, ‘மேட்டுக்கு ஓடுங்கள்’ என்று கூவுவானாயின், அவனே அக்கரையின் சிறந்த கலங்கரை விளக்கம். அவனுக்கு அவ்வறிவைத் தருவதே கல்வியின் பயன்.