செவிக்கு எட்டாதது

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் விளக்கோ மானியோ கிடையாது. எண்ணெய் அடியில் கிடக்கிறது. வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களோ உச்சியில் இருக்கின்றன. எஞ்சினுக்கு வெளியே ஏறும் மெல்லிய குழாய்தான் இரண்டுக்கும் இடையேயான வழி.

அப்பா வண்டியின் நலத்தை அதன் ஒலியை வைத்தே சொல்வார். அவர் மறைந்தபின் அவருடைய 350 சிசி எஞ்சினைப் பிரித்தபோது, ராக்கர் தாங்கிகள் ஆழமாகக் கீறலுற்றிருந்தன. மேலே எண்ணெய் சரிவரச் செல்லாமலேயே அது பலகாலம் இனிமையாக ஒலித்திருக்கிறது.

புதுப்பித்துக் கோத்த பிறகு மெக்கானிக் அண்ணன் உடனே வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரைப் பலமுறை மிதிக்கச் சொன்னார். அமுக்கமின்றி எஞ்சின் இலகுவாகச் சுழல, பம்பிலும் குழாயிலும் எண்ணெய் நிறையட்டும் என்பது கணக்கு. பின்னர் பிளக்கை மாட்டிக் கிளப்பினார். அதே பழைய துடிப்பு. எனக்குக் கண் கலங்கியது.

“சத்தத்த நம்பாதீங்க தம்பி” என்றபடி, ராக்கர் பெட்டியில் குழாயைப் பிடித்திருந்த போல்ட்டைச் சற்றே தளர்த்தினார். கேஸ்கட் பசை மிகுந்து துளையை அடைத்திருந்தாலும் ஒலியில் தெரியாதாம். ஒரு நிமிடத்தில் எண்ணெய் வராவிடில் நிறுத்திவிட வேண்டுமாம்.

முதலில் காற்றுக்குமிழிகள். பிறகு தேன்நிறத்தில் ஒரு துளி திரண்டு வழிந்தது. பீறிடவில்லை, கசிவே போதும் என்றார். அடுத்த பெட்டியிலும் அவ்வாறே பார்த்துவிட்டுத்தான் இறுக்கினார்.

அப்பாவின் செவியை நான் இன்றும் மதிக்கிறேன். ஆயினும் வண்டிப் பெட்டியில் ஒரு ஸ்பானர் எப்போதும் இருக்கிறது.