அந்த வாய் திறந்திருந்தால்

1437 பிப்ரவரி 20 இரவு. பெர்த் நகரின் பிளாக்ஃபிரையர்ஸ் மடத்தில் தங்கியிருந்த ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸைக் கொல்ல ராபர்ட் கிரஹாமும் ஆட்களும் நுழைகிறார்கள். தரைப்பலகையைப் பெயர்த்துக் கழிவுநீர்க் கால்வாய்க்குள் குதிக்கிறார் மன்னர். வெளியேறும் வாய் அடைத்துக் கிடக்கிறது. டென்னிஸ் பந்துகள் உள்ளே ஓடிவிடுகின்றன என்று சில நாள் முன்பு அதை அடைக்கச் சொன்னவரே அவர்தான். அங்கேயே குத்திக் கொன்றார்கள்.

தப்பியிருந்தால்? சதிக்கு உடந்தையான அத்தோல் பிரபுவை நிச்சயம் விட்டிருக்க மாட்டார். 1425-இல் ஆல்பனி கோமகனையும் அவரது இரு மகன்களையும் தலைவெட்டியவர் ஆயிற்றே. அந்தக் கொடுமையை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஆனாலும் அவர் பிழைத்திருக்க வேண்டும் என்றே மனம் கேட்கிறது. ஆறு வயது மகன் அரியணையேற, ஆட்சி பிரபுக்கள் கைக்குப் போனது. 1440-இல் எடின்பரோ கோட்டைக்கு அழைக்கப்பட்ட டக்ளஸ் குடும்பத்து இளம் சகோதரர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். மன்னர் ஜேம்ஸ் உயிரோடு இருந்திருந்தால், அந்தப் பிள்ளைகளைத் தொட யாருக்குத் துணிச்சல் வந்திருக்கும்?