பகல் ஷிப்ட்

செவ்வாய், மாலை

இரவு முழுக்கப் பெற்றோல் ஸ்டேசன் கல்லாவில் நின்றவனுக்குப் பகல்தான் பொழுதுபோக்கு நேரம். மத்தியானம் எழும்பி, ரயிலேறி, ஷோர்டிச்சில் எனக்குப் பழக்கமான அந்த ஸ்ட்ரிப் பப்புக்குப் போனேன். கன காலப் பழக்கம். ஈஸ்ட்ஹாம் ஆட்களுக்குச் சொல்லக்கூடிய பழக்கமல்ல.

வாசலுக்குப் புதுக் கறுப்புப் பெயின்ட். கதவில் லைசென்ஸ் புதுப்பிக்கும் அறிவித்தல். ஆட்சேபனை இருந்தால் கவுன்சிலுக்கு எழுதலாமாம். 2009ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இந்த ஆட்டத்துக்கென்று தனி லைசென்ஸ் வந்தது; ஒரு வருசத்துக்கு மேல் தரமாட்டார்கள். இருப்பவை இருக்கட்டும், புதிதாக ஒன்றும் வேண்டாம் என்பது ஹாக்னி கவுன்சிலின் நிலைப்பாடு. என்னைக் கேட்டால் சட்டத்தைவிட வாடகைதான் பெரிய எமன். இதே ஷோர்டிச்சிலிருந்த இன்னொரு ஸ்ட்ரிப் பப், ஒயிட் ஹார்ஸ், 2016இல் இழுத்து மூடப்பட்டது அதனால்தான்.

உள்ளே நாலைந்து பேர். கட்டட வேலைக்காரர் இருவர் மஞ்சள் ஜாக்கெட்டைக் கழற்றாமலே குடித்துக்கொண்டிருந்தார்கள். யாராவது கதவைத் திறந்தால் வெயில் மேடைவரை வரும்; கம்பளத்தின் கறையெல்லாம் தெரியும். பூல் மேசை இருந்த இடத்தில் திரை போட்ட சின்னச் சின்ன அறைகள். புது மனேஜர் வந்து, தனி ஆட்டம் வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றதும் என் பியரைப் பார்த்துவிட்டுப் போனான்.

கிழக்கு லண்டன் பப்புகளின் வழக்கமே வேறு. மேடையேறுமுன் ஆடுகிறவள் ஒரு பைன்ட் கிளாசோடு ஒவ்வொருவரிடமும் வருவாள். ஒரு பவுண் போடவேண்டும். போடாமல் பார்க்கிறவனுக்கு அங்கே மரியாதை கிடையாது. காசு விழுமட்டும் உடுப்போடு முன்னால் நின்று முகத்தைப் பார்ப்பாள், குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை கதைப்பாள். அந்த நேரத்தில் பார்க்கப்படுவது நாங்கள். எனக்கு அது பிடிக்கும்; சிலருக்குத் தலை குனிந்துவிடும். 2017இல் பன்னிரண்டு மூலைப் புதுப் பவுண் வந்து, ஒக்டோபர் 15க்குப் பிறகு பழைய வட்டக் காசு செல்லாமல் போனபோது, பார் வெளிச்சத்தில் கிளாசைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். குடிகாரன் எவனோ பழையதைத் தள்ளிவிட்டிருப்பான்.

இன்று கிளாஸ் இல்லை. கழுத்தில் பட்டி, பட்டியில் கார்ட் மெஷின். குறைந்தது ஐந்து பவுண். கையிலிருந்த சில்லறையைத் திரும்பப் பொக்கெட்டில் போட்டேன்.

எனக்குத் தெரிந்த பழைய ஆட்டக்காரி ஒருத்தி, இப்போது பகலில் மட்டும் வருகிறாள், பக்கத்தில் வந்து இருந்தாள். பழைய காலம் நல்ல காலம் என்று நான் தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினாள். ஈயாடும் பகல்களில் கிளாஸ் காசை எண்ணினால் கிளப்புக்குக் கட்டும் ஹவுஸ் ஃபீசுக்கே காணாதாம். வேலை செய்யவும் அவர்கள்தானே காசு கட்டவேண்டும்! மெஷின் காசு முதலில் கிளப்பின் கணக்குக்குப் போய், கழிவு போக வெள்ளிக்கிழமை வருகிறது. அதுவும் கொள்ளைதான், ஆனால் இப்போது கணக்கென்று ஒன்று எழுத்தில் இருக்கிறது என்றாள். 2020இல் ஒரு தீர்ப்பாயம் ஸ்ட்ரிப் கிளப்பில் ஆடிய ஒருவரைச் சட்டப்படி தொழிலாளி என்று ஏற்றது. விடுமுறைச் சம்பளம் கேட்க அந்தத் தீர்ப்பு உதவும், அதற்கு எழுத்தில் கணக்கு வேண்டும். யூனியனில் சேர்ந்திருக்கிறாள். எனக்கு கிளாஸ் ஒரு சௌகரியம். அவளுக்கு அது கூலி. ஐந்து பவுண் தட்டினேன். மெஷின் கீச்சிட்டது, அவள் திரையைத்தான் பார்த்தாள்.

புதன்

மகள்தான் என் வங்கிக் கணக்கை ஃபோனில் பார்த்துத் தருகிறவள். காசாகக் கொடுத்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஏதோ 'ஹொஸ்பிட்டாலிட்டி லிமிடெட்' என்று விழுந்திருக்கிறது.

"அப்பா, இது எந்த ரெஸ்ரோரன்ட்?"

ஷோர்டிச் பக்கம் என்றேன்.

"அம்மாவையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கோவன்."