திரும்பி வந்தவருக்கு வாங்கில் இடம்

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து மருமகன் தொலைபேசியில் அழைத்தான். பல்கலைக்கழகம் புகுந்த காலத்திலேயே பூசை, செபம் யாவற்றையும் உதறியவன். கடவுள் இல்லையென்று தன் தாயுடன், அதாவது என் அக்காவுடன், இரவிரவாக வாதாடியவன். இப்போது அவனுக்கு ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது. "மாமா, விட்டுப் போனவன் திரும்பி வரலாமோ?" என்று கேட்டான்.

பத்திரிகைக்காரனிடம் கேட்டால் சட்டத்தைத்தான் முதலில் சொல்வான். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி, விசுவாசத்தை மறுதலித்தவன் அச்செயலாலேயே சபையின் உறவுக்குப் புறம்பாகிறான். ஆனால் ஞானஸ்நானம் அழிவதில்லை; இரண்டாம் முறை கொடுக்கப்படுவதுமில்லை. மனம் வருந்திப் பாவசங்கீர்த்தனம் செய்து, தண்டனையும் நீக்கப்பட்டால் அவன் பழையபடி வீட்டுப் பிள்ளை.

"அவ்வளவுதானோ?" என்றான். ஆம் என்று சொல்ல நா எழவில்லை. அப்பாவின் நினைவு வந்துவிட்டது.

அப்பா திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் பிரித்தானியரிடம் வேலை பார்த்தவர். 1957இல் அவர்கள் தளத்தைக் கையளித்துப் புறப்பட்டபோது வேலையிழந்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு தொழிற்சங்கம், இடதுசாரிக் கூட்டங்கள், சிவப்பு அட்டைப் புத்தகங்கள். ஆயினும் ஞாயிறு பூசையைத் தவறவிட்டதில்லை என்று அம்மா சொல்வார். 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கச் சட்டம் கொண்டுவந்தது. தீவின் பல இடங்களிலும் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவு பகலாகக் காவலிருந்தார்கள். எங்கள் பங்கில் ஒரு கண்டன மனு சுற்றுக்கு வந்தது. ஏழைப் பிள்ளைக்கு அரசாங்கப் பள்ளிக்கூடமே நல்லது என்று சொல்லி அப்பா கையொப்பமிட மறுத்தார்.

மனுவைக் கொண்டுவந்தவர் எங்கள் ஒழுங்கையின் முனையில் வசித்த சம்மாட்டியார். அந்தப் பள்ளிக்கூடத்துக்காகத் தொழிலை விட்டு நாட்கணக்கில் அலைந்தவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டுடன் கொள்வனை கொடுப்பனை இல்லை. அப்பாவும் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். முதலில் கோபம், பின்னர் அதுவே கொள்கை. நான் பிறந்தபோது எங்கள் வீட்டில் அம்மாவின் சுரூபமும் அப்பாவின் லெனின் படமும் எதிரெதிர்ச் சுவர்களில் இருந்தன.

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் மூண்டபோது, ஓடிப்போய் ஒதுங்க எங்களுக்குக் கிடைத்தது கோயில் மண்டபம்தான். அகதிகளுக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக்கொடுத்துக்கொண்டு அப்பா அங்கே சில வாரங்கள் இருந்தார். மறுவருடம் ஒரு மாலை சுவாமியிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். கால்மணி நேரமும் ஆகவில்லை. முப்பது வருட விலகல் அதற்குள் தீர்ந்துபோயிற்று.

தீராதது ஞாயிறன்று தெரிந்தது. பூசையில் சமாதான வாழ்த்து வரும்போது எல்லோரும் பக்கத்தவரைப் பார்த்துக் கைகூப்புவார்கள். சம்மாட்டியார் எல்லோருக்கும் கைகூப்பிவிட்டு, அப்பாவின் முறை வந்ததும் பீடத்தின் பக்கம் திரும்பிக்கொள்வார். ஆறு வருடங்கள் இது நடந்தது. எனக்குக் கொதிக்கும். அப்பா சொல்வார்: "சுவாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த மனுசனிடம் இன்னும் கேட்கவில்லையே." கேட்பதிலும் சிக்கல் இருந்தது. கடவுளை விட்டது பிழையென்று அவர் ஏற்றுக்கொண்டார். கையொப்பமிட மறுத்தது பிழையென்று சாகும்வரை ஏற்கவில்லை.

ஆதித் திருச்சபையையும் இந்தப் பிணக்கு பிளந்திருக்கிறது. 250இல் ரோமப் பேரரசன் தேசியஸ் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றுச் சீட்டுப் பெறவேண்டும் என்று கட்டளையிட்டான். பலர் பலியிட்டார்கள், சிலர் பணம் கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கினார்கள். கலாபனை ஓய்ந்ததும் திரும்பி வந்தார்கள். அவர்களை மன்னிக்கச் சபைக்கே அதிகாரமில்லை என்றார் ரோமாபுரியின் நொவாசியன். தவம் செய்தபின் சேர்க்கலாம் என்றார் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன். (அவரே கலாபனையில் ஒளிந்திருந்தவர்; 258இல் வேதசாட்சியாக மரித்தவர்.) 325இல் நீசேயாச் சங்கம், வற்புறுத்தலின்றி மறுதலித்தவர்களுக்குப் பன்னிரண்டு வருடத் தவம் விதித்தது. மூன்று வருடம் வேதவாசகம் கேட்போருடன், ஏழு வருடம் முழந்தாளிட்டு, இரண்டு வருடம் நற்கருணையின்றிச் செபத்தில் மட்டும். முன்பு இதைக் கொடுமையென்றே நினைத்தேன். அப்பாவின் ஆறு வருடத்தைப் பார்த்தபின் அப்படிச் சொல்ல முடியவில்லை. சிறையிருந்தவனும் சீட்டு வாங்கியவனும் ஒரே வாங்கில் அமர அவ்வளவு காலம் தேவைப்பட்டிருக்கும்.

நம் தீவும் இதை அறியும். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்த காலத்தில், சொத்துக்காகவும் உத்தியோகத்துக்காகவும் அவர்களுடைய சபையின் தோம்பில் பெயரைப் பதிந்துவிட்டு, வீட்டில் செபமாலையை ஒளித்துவைத்தவர்கள் உண்டு. 1687இல் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசவ்வாஸ் முனிவர் இரவுப் பூசைக்குக் கூட்டியது இப்படிப்பட்டவர்களையும்தான். 2015இல் அவர் புனிதராக்கப்பட்டார். கோணேசர் கோயிலை இடித்த கல்லில் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டைக்குள்ளால் நடந்துதான் நாங்கள் இன்றும் சுவாமி மலைக்குப் போகிறோம். இந்த ஊர்க் கிறிஸ்தவன் மதம் விட்டவனை ஏசுமுன் சற்றுத் தயங்க வேண்டும். எங்கள் முன்னோர்களும் எதையோ விட்டு வந்தவர்களே.

1997இல் சம்மாட்டியார் பாரிசவாதத்தில் விழுந்தார். ஒரு பின்னேரம் அப்பா போய் அவர் வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டார்கள். என்ன பேசினார்களோ, அப்பா எங்களிடம் சொல்லவில்லை. இருட்டியபின் வந்து கால் கழுவிவிட்டுச் சோறு கேட்டார். அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் போய் அவருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டினார்.

இவ்வளவையும் மருமகனுக்குச் சொன்னேன். சுவாமியிடம் போவது இலகு, உன் தாயிடம் முதலில் பேசு என்றேன். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்கள் கோயிலுக்குப் போகிறீர்களோ, மாமா?" என்று கேட்டான்.

2004 மார்கழியில் ஆழிப்பேரலைக்குப் பின் வைத்தியசாலையில் பிரேதங்களை எண்ணிச் செய்தி அனுப்பினேன். அதன்பின் செத்தவீடுகளுக்குத் தவிர நான் கோயிலுக்குள் போனதில்லை.

பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.