பதினைந்து கிலோ இழுப்பு

தாம்பரம் விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருப்பதால், அஸ்தினாபுரத்தில் மேலே சத்தம் கேட்டால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த விமானம் எங்கும் போகாது. கம்பியில் கட்டுண்டு வட்டமடிக்கும். என்சிசி விமானப் பிரிவு மாணவர்கள் பறக்கவிடும் 'கண்ட்ரோல் லைன்' மாடல்தான் அது. நடுவில் நிற்பவரின் கைப்பிடியிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரைக் கிலோ விமானம், 20 மீட்டர் கம்பி, சுற்றுக்கு 5 விநாடி. வேகம் மணிக்கு சுமார் 90 கிலோமீட்டர். கையை இழுப்பது ஏறக்குறைய 5 கிலோ. சாகசப் பறத்தல் போட்டிகளில், கிளப்பும் முன் விமானத்தின் எடையைப்போல் 10 மடங்கு இழுத்துப் பார்ப்பார்கள். இதற்கு 15 கிலோ. கைப்பிடி, கொக்கி, கம்பி முனை, விமானத்துக்குள் இருக்கும் பெல்கிராங்க் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்துத்தான் இழுப்பார்கள். நல்ல கம்பி நடுவில் அறுவது குறைவு. மடித்துக் கட்டிய முனைதான் சந்தேகத்துக்குரிய இடம்.

சாஃப்ட்வேரிலும் தனித்தனியாகச் சோதித்தால் எல்லாம் 'பாஸ்' ஆகும், சேரும் இடத்தில் புட்டுக்கும். எங்களுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு போன் வரும். இங்கே ஒன்றரைக் கிலோ, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் பக்கம் போகும்.

இழுக்கும்போதே அறுந்துவிட்டால் அன்றைய போட்டி போச்சு என்று முகம் வாடும். வாடட்டும். அறுந்தது தரையில், யாரும் பக்கத்தில் இல்லாதபோது.