சாவிக்குள் ஒரு சாவி

மோட்டார் வண்டி வைத்திருப்பது பெரிய மனிதர்களுக்கு மாத்திரமே உரியது என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. 1985ம் வருஷத்தில் புரோட்டோன் சாகாவும், 1994ல் பெரோடுவா கஞ்சிலும் வெளிவந்த பிறகு இந்நாட்டில் சாமானியர் வீட்டு வாசலிலும் வண்டி நிற்கலாயிற்று. பட்டணத்துக்கு வெகு தொலைவில், செம்பனைக் காட்டுக்கு நடுவே குடியிருக்கும் தோட்டத்து மக்களுக்கோ அது வெறும் வண்டியன்று. பஸ் கிடையாத இடத்தில், நடுநிசியில் பிரசவ வேதனையோ நெஞ்சுவலியோ கண்டால் அதுவே ஆஸ்பத்திரி வண்டியுமாகும். ஆகவே, வேண்டிய வேளையில் அதன் கதவு திறக்கவில்லையென்றால் என்ன நேரும் என்பதைத் தோட்டத்து வாசகர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

முன்னாளில் வண்டிச் சாவி என்றால் இரும்புச் சாவிதான். துவாரத்தில் நுழைத்துத் திருகினால் கதவு திறக்கும். கஞ்சில் ஓட்டிய எவரும் இதை அறிவர். 2017ல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை மைவி போன்ற இக்காலத்து வண்டிகளிலோ, சாவி என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கறுப்புப் பெட்டி. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கும். உள்ளே ஒரு பொத்தானை அழுத்தினால் இயந்திரம் ஓடும். சௌகரியமானதுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் கதவைத் திறப்பது அந்தப் பெட்டியன்று என்பதை நம்மவரில் எத்தனை பேர் அறிந்திருக்கிறார்கள்? பெட்டி காற்று வழியே ஒரு செய்தியை அனுப்புகிறது; அவ்வளவே. அதைக் கேட்டு, கதவினுள் இருக்கும் சிறு மோட்டாரைச் சுழற்றித் திறந்துவிடுவது வண்டியின் பாட்டரி. கேட்பவனுக்கு உயிர் இல்லையென்றால், கூப்பிடுகிறவன் தொண்டை கிழியக் கூப்பிட்டும் என்ன பயன்?

சில மாதங்களுக்கு முன்பு, இரவு இரண்டு மணி இருக்கும், பக்கத்து வரிசையில் கூச்சல் கேட்டு நாம் எழுந்து சென்றோம். அங்கே ஒன்பது வயதுப் பெண் குழந்தையொன்று இழுப்பு நோயால் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. தாய் அதை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்துக்கொண்டு வாசற்படியில் இருந்தாள். வாயில் வைத்து இழுக்கும் நீலநிற மருந்துக் குழல், மாலையில் பட்டணத்திலிருந்து திரும்பியபோது பையோடு வண்டியின் பின்னாசனத்தில் தங்கிவிட்டது. வண்டி வாசலில்தான் நிற்கிறது. கண்ணாடி வழியே டார்ச்சு அடித்தால் பை தெரிகிறது. கதவோ திறக்கவில்லை. அடுத்த டிவிஷனிலிருந்து வேறு வண்டி கொண்டுவர ஒருவர் மோட்டார் சைக்கிளில் போயிருந்தார். ஆயினும் மருந்து உள்ளே.

"சாவி பாட்டரி செத்துப்போச்சு அண்ணே" என்றார் தகப்பனார். எதிர்வீட்டுக்காரர் ஓடிப்போய்த் தம் வீட்டுச் சமையல் தராசிலிருந்த காசு வடிவப் பாட்டரியைக் கழற்றி வந்து பெட்டிக்குள் மாட்டிக் கொடுத்தார். அப்பொழுதும் திறக்கவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு கதவருகிலும் நின்று அழுத்தினார்கள். பாட்டி திருநீறு எடுக்க உள்ளே போனாள். இளைஞன் ஒருவன் கருங்கல்லைத் தூக்கிவிட்டான். தகப்பனார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். விடவும் மனமில்லை, தடுக்கவும் மனமில்லை. தவணைக் கடன் இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. இதை உலோபம் என்று சொல்ல எமக்கு நாவெழவில்லை.

அச்சமயம், தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்யும் இந்தோனேசியத் தோழர் ஒருவர் சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். "சாபார், பாங்" என்று சொல்லிப் பெட்டியைக் கையில் வாங்கினார். அதன் ஓரத்திலிருந்த சிறு தாழை நகத்தால் தள்ளி இழுத்தார். விரலளவு நீளமுள்ள ஓர் இரும்புச் சாவி வெளியே வந்தது.

"ஏழு வருஷமா வச்சிருக்கேன், இதுக்குள்ள இது இருக்கா!" என்றார் தகப்பனார்.

துவாரம் எங்கே என்பது அடுத்த கேள்வி. ஓட்டுநர் பக்கத்துக் கைப்பிடியின் கடைசியில் ஒரு சிறு மூடி. அதன் அடியிலுள்ள கீறலில் அதே சாவியின் நுனியை விட்டு நெம்பியவுடன் மூடி கழன்றது, துவாரம் தெரிந்தது. ஆனால் சாவி திரும்பவில்லை. ஏழு வருஷத்துச் செம்மண் தூசி உள்ளே இறுகிக் கிடந்தது. அவசரத்தில் வலுவாகத் திருகியிருந்தால் சாவி ஒடிந்திருக்கும். அவர் திருகவில்லை. தையல் இயந்திரத்து எண்ணெய் கேட்டு வாங்கி இரண்டு சொட்டு விட்டு, சாவியை நுழைப்பதும் எடுப்பதுமாய்ப் பலமுறை செய்து, இருபுறமும் மெதுவாக அசைத்தார். கதவு திறந்தது. மருந்துக் குழல் குழந்தையின் வாய்க்குச் சென்றது. சற்று நேரத்தில் அடுத்த டிவிஷன் வண்டியும் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றது. குழந்தை இப்பொழுது சுகமாகப் பள்ளிக்கூடம் போய்வருகிறாள்.

இதில் ஒரு விஷயம் எம் மனத்தை உறுத்துகிறது. அந்த வண்டி வாங்கிய நாளில் நடந்த வைபவம் தோட்டத்துக்கே தெரியும். எண் கணிதம் பார்த்து நம்பர் பிளேட்டு. கோவில் வாசலில் கற்பூரம். நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். முன்னால் கட்டித் தொங்கவிட்ட மிளகாய். வண்டியுடன் வந்த விளக்கப் புத்தகமோ பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் கையறைப் பெட்டிக்குள் அறிதுயில் கொண்டிருந்தது. சக்கரத்தின்கீழ் நசுங்கிய எலுமிச்சம்பழங்களில் ஒன்றாவது, "ஐயா, உமது சாவிக்குள் ஒரு சாவி இருக்கிறது" என்று சொல்லவில்லை.

ஆயினும் தொழிலாளத் தோழர்களை மட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. புத்தகம் தமிழில் இல்லை. விற்பனைக் கடையார் கையெழுத்து வாங்குவதில் காட்டும் அக்கறையில் நூற்றில் ஒரு பங்கைக்கூட, வாங்கியவருக்கு வண்டியைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதில் காட்டுவதில்லை. ஆகையால் அப்புத்தகங்களில் உள்ளவற்றையும், ஒர்க்‌ஷாப் தோழரிடம் கேட்டறிந்தவற்றையும் தமிழில் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அறியவேண்டியது, இரண்டு பாட்டரிகள் உண்டு என்பது. சாவிப் பெட்டிக்குள் இருப்பது காசு வடிவமான 3 வோல்ட்டுப் பாட்டரி. வண்டியில் இருப்பது 12 வோல்ட்டு ஈயப் பாட்டரி. 1859ம் வருஷத்தில் பிரான்சு தேசத்துக் காஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்த முறையின் வழிவந்தது. அதில் ஆறு அறைகள் உண்டு. நிறைந்திருக்கும்போது சுமார் 12.6 வோல்ட்டுக் காட்டும். ஓய்ந்த நிலையில் 12க்குக் கீழே இறங்கிவிட்டால் ஏறக்குறைய வெறுமைதான். நம் நாட்டு உஷ்ணம் பாட்டரிக்கு எமன். முதல்நாள் மாலை ஒழுங்காக ஓடிய வண்டி மறுநாள் காலையில் பிணமாய்க் கிடப்பது இங்கே சாதாரணம்.

எது செத்தது என்று அறிவது கடினமன்று. பெட்டியை அழுத்தும்போது அதிலுள்ள சிறு சிவப்பு விளக்கு மினுக்கினால் பெட்டி உயிரோடிருக்கிறது, வண்டியைத்தான் சந்தேகிக்கவேண்டும். பெட்டியில் விளக்கு எரியாமல், வண்டிக்குள் திருடனை எச்சரிக்கும் சிவப்பு விளக்கு மாத்திரம் கண்சிமிட்டிக்கொண்டிருந்தால், வண்டி உயிரோடிருக்கிறது. இந்த இரண்டாவது சங்கதியில் இரும்புச் சாவியால் கதவைத் திறந்தவுடன் அபாயச் சங்கு ஊளையிடக்கூடும். அஞ்சவேண்டாம். பிரேக்கை மிதித்துக்கொண்டு, பெட்டியை இயந்திரப் பொத்தானோடு ஒட்டிவைத்து அழுத்தினால் பெரும்பாலான வண்டிகள் ஓடும். மிக அருகில் கொண்டுசென்றால், பெட்டியிலுள்ள சில்லுக்கு வேண்டிய சொற்ப மின்சக்தியை வண்டியே கொடுத்துவிடுகிறது.

முதலாவது சங்கதியில்தான், அதாவது வண்டியின் பாட்டரி செத்தால்தான், ஒரு விபரீதமான வட்டம் உண்டாகிறது. கதவு திறக்கப் பாட்டரி வேண்டும். பாட்டரிக்கு உயிர்கொடுக்க முன்மூடியைத் திறக்கவேண்டும். முன்மூடியைத் திறக்கும் இழுப்போ பூட்டிய கதவுக்கு உள்ளே இருக்கிறது! இவ்வட்டத்தை அறுப்பதற்கென்றே அந்த விரலளவு இரும்பை வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஓட்டுநர் பக்கத்துக் கதவுக்கு மட்டுமே துவாரம் உண்டு. மற்றக் கதவுகளில் தேடி வேளையைப் போக்கவேண்டாம். சில வண்டிகளில் பாட்டரி பின்பெட்டியில் இருக்கும். பின்பெட்டியின் பூட்டும் மின்சாரத்தால் ஆனது. அப்படிப்பட்ட பல வண்டிகளில் முன்மூடியின் கீழே சிவப்பு மூடியிட்ட இணைப்பு முனையொன்று வைத்திருப்பார்கள். டொயோட்டா பிரியஸ் வைத்திருப்பவர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

உள்ளே புகுந்தபின், வேறு வண்டியிலிருந்து மின்சாரம் கொடுக்கும்போது சிவப்புக் கம்பியைச் செத்த பாட்டரியின் கூட்டல் முனையில் முதலில் மாட்டி, பிறகு நல்ல பாட்டரியின் கூட்டலில் மாட்டவேண்டும். கறுப்பை நல்ல பாட்டரியின் கழித்தலில் மாட்டி, மறுமுனையைச் செத்த வண்டியின் இயந்திரத்தில், பாட்டரிக்குத் தள்ளியுள்ள வெறும் இரும்பில் மாட்டவேண்டும். பாட்டரி கக்கும் ஹைட்ரஜன் வாயுவுக்கு ஒரு பொறி போதும்.

சாவியே இல்லாதவர்கள் என்செய்வது? பூட்டுத் தொழிலாளி கதவின் மேல்விளிம்பில் காற்றுப்பையைச் செருகி ஊதி, இடைவெளி உண்டாக்கி, நீண்ட கம்பியை உள்ளே விடுவார். பாட்டரி செத்த வண்டியில் கம்பி நுனியால் மின்பொத்தானை அழுத்துவது வீண். உட்கைப்பிடியைப் பிடித்தே இழுக்கவேண்டும். கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே தகட்டை விட்டுத் துழாவும் பழைய வித்தை இக்காலத்து வண்டிக்கு ஆகாது. கதவினுள் கம்பிகள் ஏராளம். பக்கவாட்டுக் காற்றுப்பைக்குரிய கருவியும் இருக்கக்கூடும்.

கல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். உயிர் உள்ளே இருக்குமானால் கல்தான் சாவி. தவணையை எண்ணிக்கொண்டு நிற்கலாகாது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2005ல் வெளியிட்ட சோதனையில், வெயிலில் நின்ற வண்டிக்குள் ஒரு மணி நேரத்தில் உஷ்ணம் சராசரி 40 பாரன்ஹீட் டிகிரி, அதாவது 22 சென்டிகிரேடு அளவு, ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணிக்குள்ளேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சிறிது இறக்கிவைத்ததும் பலன் தரவில்லை. ஆகையால் 999க்குக் கூப்பிட்டுக்கொண்டே, குழந்தைக்கு எட்டத்திலுள்ள பக்கக் கண்ணாடியை உடைக்கவேண்டும். முன்கண்ணாடி இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்தது. உடைத்து நுழைய முடியாது. பக்கக் கண்ணாடி பெரும்பாலும் பதமேற்றியது. நடுவில் மோதினால் கல் துள்ளி விழும். மூலையில், கூரான எஃகினால் அடித்தால் பொடிப்பொடியாக உதிரும்.

அன்றிரவுக்குப் பின் வந்த ஞாயிற்றுக்கிழமை, வரிசைகளில் நின்ற வண்டிகளின் சாவிகளை ஒவ்வொன்றாய் வாங்கிப் பார்த்தோம். பல துவாரங்கள் இறுகிக் கிடந்தன. மாதத்துக்கு ஒருமுறை இரும்புச் சாவியால் திறந்து பூட்டினாலே அவை இப்படி ஆகா. எண்ணெய் ஆபத்துக்குத்தான், அது தூசியைச் சேர்க்கும். காரீயத் தூள் உத்தமம். இன்னும் சில பெட்டிகளில் உள்ளிருக்கவேண்டிய சாவியே இல்லை! அவை பழைய வண்டிகளாய் வாங்கியவை. முந்திய சொந்தக்காரர் தொலைத்ததை யாரும் கவனிக்கவில்லை.

இனி வருவது இதனினும் பெரிய சங்கதி. வெளியில் சாவித் துவாரமே வைக்காமல் மின்கைப்பிடியை மாத்திரம் நம்பும் வண்டிகள் வந்துவிட்டன. 2021ம் வருஷத்து டெஸ்லா மாடல் ஒய் வண்டிகள் சுமார் 174,000 குறித்து, அமெரிக்க அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்பு இலாகா 2025 செப்டம்பரில் விசாரணை தொடங்கியது. பாட்டரியின் சக்தி குன்றியதால் கைப்பிடி இயங்காமல், பெற்றோர் வெளியிலும் குழந்தைகள் உள்ளேயுமாகச் சிக்கிக்கொண்டதும், சிலர் கண்ணாடியை உடைத்தே மீட்டதும் அவ்விசாரணைக்குக் காரணம். அத்தகைய வண்டிகள் இந்நாட்டுச் சாலைகளிலும் ஓடுகின்றன. சில வருஷங்களில் பழைய வண்டிச் சந்தை வழியாகத் தோட்டத்துக்கும் வந்துசேரும்.

ஆகையால், வாங்கப் போகிறவர் வண்ணத்தையும் சக்கரத்தையும் பார்ப்பதோடு நில்லாமல், விற்பவரிடம் பாட்டரிக் கம்பியைக் கழற்றச் சொல்லவேண்டும். முன்மூடியைச் சாத்தி, கதவுகளையும் சாத்திப் பூட்டச் சொல்லி, "இப்பொழுது திறந்து காட்டும்" என்று கேட்கவேண்டும். பிறகு பின்னாசனத்தில் உட்கார்ந்துகொண்டு உள்ளிருந்து திறக்கும் வழியையும் கேட்கவேண்டும். விற்பவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், ஒன்பது வருஷத் தவணை அவர் பெயரில் இல்லையே.